பதினெட்டு வயசுல பிரதமருக்கே மார்க் போடுற பாடம்

முதலில் ஒரு கேள்வி.

"பிரதமரின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போடும் அளவுக்கு நாடாளுமன்றம் வலுவாக இல்லை என்ற கருத்தை மதிப்பிடுக. 30 மதிப்பெண்கள்."

பார்த்ததும் ஏதோ ஐஏஎஸ் மெயின்ஸ் கேள்வி என்றுதானே தோணுது? இல்லைங்க. இங்கிலாந்தில் நம்ம பிளஸ் டூ வயசுப் பசங்க இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் 43 நிமிஷத்தில் பதில் எழுதுறாங்க. பாடத்தின் பெயர் 'ஏ-லெவல் பாலிட்டிக்ஸ்'. 2017-இல் புதிய பாடத்திட்டம் வரும்வரை 'கவர்ன்மென்ட் அண்ட் பாலிட்டிக்ஸ்' என்று நீளமான பெயர் இருந்தது.

இன்ஜினியரிங் காலேஜ் இதழில் இது எதுக்கு என்று கேட்கலாம். நம்மில் முக்கால்வாசிப் பேர் ஓட்டு போடும் வயசைத் தாண்டியாச்சு. தேர்தல் வந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை போடுகிறோம். ஆனால் அரசியலைப் பற்றிச் சண்டை போடாமல் வாதாடுவது எப்படி என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதை ஒரு பாடமாகவே நடத்துற ஊரில் என்ன நடத்துறாங்க என்று தெரிந்துகொள்வோமே.

சிக்ஸ்த் ஃபார்ம்னா என்ன?

அந்தக் காலத்து இங்கிலாந்துப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகளை 'ஃபார்ம்' என்று எண்ணுவார்கள். ஐந்தாம் ஃபார்ம் முடியும்போது 16 வயசு, ஒரு பொதுத்தேர்வு. அதற்குப் பிறகும் படிக்க விரும்புகிறவர்கள் ஆறாவது ஃபார்முக்குப் போவார்கள். எண்ணும் முறை மாறிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு 12, 13-ஆம் ஆண்டுகள்தான் சிக்ஸ்த் ஃபார்ம். இலங்கைத் தமிழ் நண்பர்கள் 'ஏ/எல்' என்று சொல்வது இதே பிரிட்டிஷ் மரபிலிருந்து வந்ததுதான்.

நம்ம ஊர் மாதிரி ஃபர்ஸ்ட் குரூப், தேர்ட் குரூப் என்று கட்டுக்கட்டாகக் கிடையாது. பெரும்பாலானவர்கள் மூன்றே மூன்று பாடம் எடுப்பார்கள், எந்த மூன்று என்பது அவரவர் விருப்பம். கணக்கு, பிசிக்ஸ், பாலிட்டிக்ஸ் என்றுகூட எடுக்கலாம். இங்கே அப்படிக் கேட்டால் ஸ்கூல் ஆபீஸில் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள்!

ஒரு விஷயம், ஸ்காட்லாந்துக்குத் தனிக் கல்வி முறை. அங்கே ஏ-லெவலுக்குப் பதிலாக 'ஹையர்' தேர்வுகள், அதில் 'மாடர்ன் ஸ்டடீஸ்' என்ற பாடத்தில் அரசியல் வருகிறது. இந்தக் கட்டுரை இங்கிலாந்தைப் பற்றியது.

மூணு பேப்பர், ஆறு மணி நேரம்

தேர்வு நடத்துவது நம்ம ஊர் போல ஒரே அரசு வாரியம் இல்லை, பல வாரியங்கள் உண்டு. எந்த வாரியத்தின் பாடத்திட்டம் என்பதைப் பள்ளி முடிவு பண்ணும். பியர்சன் எடெக்செல் வாரியத்தை எடுத்துக்கொள்வோம்.

முதல் பேப்பர் பிரிட்டன் அரசியல். கட்சிகள், தேர்தல் முறைகள், மக்கள் ஏன் எப்படி ஓட்டு போடுகிறார்கள், ஊடகத்தின் பங்கு. கூடவே கன்சர்வேடிசம், லிபரலிசம், சோஷலிசம் என்ற மூன்று பெரிய சித்தாந்தங்கள்.

இரண்டாம் பேப்பர் பிரிட்டன் அரசாங்கம். அரசியலமைப்பு, நாடாளுமன்றம், பிரதமர், நீதிமன்றம். இதோடு பெண்ணியம், தேசியவாதம், சூழலியல், அராஜகவாதம், பன்முகப் பண்பாட்டுவாதம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும். இங்கே அராஜகவாதம் என்றால் ரவுடித்தனம் இல்லை, அரசு என்ற அமைப்பே தேவையில்லை என்று வாதிடும் சிந்தனை.

மூன்றாம் பேப்பரில் அமெரிக்க அரசியல் அல்லது உலக அரசியல்.

ஒவ்வொரு பேப்பரும் இரண்டு மணி நேரம், 84 மார்க். வகுத்துப் பாருங்க, ஒரு மார்க்குக்கு 1.4 நிமிஷம்தான். முதல் இரண்டு பேப்பரிலும் இரண்டு 30 மார்க் கட்டுரை, ஒரு 24 மார்க் கட்டுரை, அவ்வளவுதான். இரண்டு மார்க் கேள்வி, கோடிட்ட இடம் எல்லாம் கிடையாது.

சிலபஸே ஓடிக்கொண்டிருக்கும்

நியூட்டனின் இரண்டாம் விதி போன வருஷம் இருந்த மாதிரியே இந்த வருஷமும் இருக்கும். இந்தப் பாடத்தில் அந்த நிம்மதி இல்லை.

பிரிட்டனின் அரசியலமைப்பு ஒரே புத்தகமாக எழுதப்பட்டது அல்ல. நாடாளுமன்றச் சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், காலங்காலமாக நடந்துவரும் மரபுகள், ஒப்பந்தங்கள், சில அறிஞர்களின் நூல்கள் என்று சிதறிக் கிடக்கிறது. 1215-இன் மாக்னா கார்ட்டா, 1689-இன் உரிமைச் சட்டம் எல்லாம் இன்றைக்கும் சிலபஸில் உண்டு. காமன்ஸ் சபையின் நம்பிக்கையைப் பெற்றவரைத்தான் மன்னர் பிரதமராக நியமிக்க வேண்டும் என்பதுகூடச் சட்டம் அல்ல, மரபு. டாக்குமென்டேஷனே இல்லாமல் பல தலைமுறை புரோகிராமர்கள் எழுதிய பழைய கோட் மாதிரி. ஆனாலும் ஓடுது!

ஓடுதா என்று சோதிக்கும் சந்தர்ப்பங்களும் வரும். 2019-இல் பிரெக்ஸிட் கெடு நெருங்கும் நேரத்தில் பிரதமர் போரிஸ் ஜான்சன், நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கி வைக்க ராணிக்கு ஆலோசனை சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. செப்டம்பர் 24 அன்று 11 நீதிபதிகளும் ஒருமனதாக அந்த ஆலோசனை சட்டவிரோதம், முடக்கமே செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். அந்த மாதம் வகுப்பில் இருந்த மாணவர்களுக்கு, காலையில் படித்த பாடம் மாலைச் செய்தியில் மாறிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. நாடாளுமன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு, பிரதமர் இஷ்டத்துக்குக் கலைக்க முடியாது என்று 2011-இல் ஒரு சட்டம் வந்தது. 2022-இல் அதையே ரத்து செய்துவிட்டார்கள். பிரதமரின் அதிகாரம் பற்றிய கட்டுரைக்கு இதுவும் ஓர் உதாரணம். அதே 2022-இல் ஜான்சன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக் என்று மூன்று பிரதமர்கள். டிரஸ் பதவியில் இருந்தது 49 நாள், நம்ம ஒரு செமஸ்டர்கூட இல்லை. கேள்வி ஒன்றுதான், பதில் எழுதத் தேவையான ஆதாரம் வருஷா வருஷம் புதுசு. சீனியரின் நோட்ஸை ஜெராக்ஸ் போட்டு இந்தப் பாடத்தைத் தேற்ற முடியாது.

ஒரு 30 மார்க் கேள்வியைப் பிரிச்சுப் பார்ப்போம்

"பொதுத்தேர்தலில் இப்போதுள்ள முறையே தொடர வேண்டும் என்ற கருத்தை மதிப்பிடுக." இதை எப்படி எழுத வேண்டும் என்று பார்த்தால்தான் இந்தப் பாடத்தின் ருசி புரியும்.

இப்போதுள்ள முறை நமக்குத் தெரிந்ததுதான். தொகுதியில் யார் முதலிடமோ அவர் ஜெயித்தார், பாதிக்கு மேல் ஓட்டு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்களிடமிருந்துதான் நாமும் வாங்கிக்கொண்டோம்.

2024 ஜூலைத் தேர்தல் கணக்கைப் பாருங்க. லேபர் கட்சி வாங்கியது சுமார் 34 சதவீத ஓட்டு. கிடைத்தது 650-இல் 411 இடம், அதாவது 63 சதவீதம். ரிஃபார்ம் யூகே கட்சி 14 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஐந்தே இடம். லிபரல் டெமாக்ரட்ஸ் 12 சதவீதம்தான், ஆனால் 72 இடம்! காரணம், ஓட்டு எவ்வளவு என்பதைவிட எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான் இந்த முறையில் முக்கியம். ரிஃபார்ம் கட்சியின் ஓட்டு நாடு முழுக்கப் பரவிக் கிடந்தது, லிபரல்களின் ஓட்டு சரியான தொகுதிகளில் திரண்டிருந்தது.

இது நமக்கும் புதுசு இல்லை. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக சுமார் 44 சதவீத ஓட்டில் 39-இல் 37 தொகுதிகளை வென்றது. சுமார் 24 சதவீதம் வாங்கிய திமுகவுக்கு ஓர் இடம்கூட இல்லை. கட்சியை மறந்துவிட்டுக் கணக்கை மட்டும் பாருங்க, அதே முறை, அதே விளைவு.

"அப்போ இந்த முறை தப்பு" என்று எழுதி பேனாவை மூடினால் மார்க் வராது. எதிர்ப்பக்கத்தையும் அதே பலத்தோடு எழுத வேண்டும். ஒரு தொகுதிக்கு ஒரு எம்.பி. என்பதால் யாரைப் போய்க் கேட்பது என்று மக்களுக்குத் தெரியும். எண்ணுவது எளிது. பெரும்பாலும் ஒரே கட்சி ஆட்சி அமையும், சொன்னதைச் செய்யவில்லை என்றால் அடுத்த முறை தூக்கி எறியலாம். 2011-இல் வேறொரு முறைக்கு மாறலாமா என்று பொதுவாக்கெடுப்பே நடத்தினார்கள், 68 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

இத்தோடும் முடியாது. அந்த ஆதாரங்களை எடைபோட வேண்டும். நிலையான ஆட்சி என்கிறீர்களே, 2010-இல் கூட்டணி ஆட்சி, 2017-இல் சிறுபான்மை ஆட்சி, அது எப்படி? 2011-இல் மக்களிடம் கேட்டது விகிதாசார முறையைப் பற்றியே அல்ல, விருப்ப வரிசை போடும் 'ஏவி' முறையைப் பற்றி. அப்படியானால் அந்த 68 சதவீதம் எதை நிரூபிக்கிறது? ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கும் வட அயர்லாந்து சட்டமன்றத்துக்கும் வேறு முறைகளில் தேர்தல் நடக்கிறதே, அங்கே வானம் இடிந்து விழுந்ததா?

கடைசியில் ஒரு பக்கம் நிற்க வேண்டும். "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது" என்று நழுவக் கூடாது. 30 மார்க்கில் 10 தெரிந்ததைச் சொல்வதற்கு, 10 அலசுவதற்கு, 10 தீர்ப்பு சொல்வதற்கு. எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதற்கு மார்க் கிடையாது. அங்கே போய்ச் சேர்ந்த வழிக்குத்தான் மார்க்.

நம்ம டிசைன் ரிவ்யூவும் இப்படித்தானே? எடை குறைந்தால் பலம் குறையும், பலம் கூடினால் விலை கூடும். எது வேண்டும் என்று முடிவு பண்ணிக் காரணம் சொல்லணும். பிளேஸ்மெண்ட் குரூப் டிஸ்கஷனில் யார் சத்தம் அதிகமோ அவருக்கு மார்க் என்று நினைத்துக் கத்துகிறோம் இல்லையா, அங்கேயும் கொஞ்சம் உதவும்.

சிலபஸையே எதிர்த்த மாணவி

இந்தப் பாடத்தில் சிந்தனையாளர்கள் பட்டியல் ஒன்று உண்டு. ஒவ்வொரு சித்தாந்தத்துக்கும் குறிப்பிட்ட பெயர்கள். கன்சர்வேடிசத்துக்கு ஹாப்ஸ், பர்க். லிபரலிசத்துக்கு லாக், மில். சோஷலிசத்துக்கு மார்க்ஸ், எங்கெல்ஸ், ரோசா லக்சம்பர்க். இப்படி.

2015 நவம்பரில் புதிய பாடத்திட்டத்தின் வரைவு வெளியானது. அதில் பெண்ணியத்துக்கென்று இருந்த தனிப் பகுதியைக் காணோம். சிந்தனையாளர் பட்டியலில் ஒரே ஒரு பெண், மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட். பெண்கள் ஓட்டுரிமைக்காகச் சிறைக்குப் போன நாட்டின் அரசியல் பாடம் அது!

17 வயசு மாணவி ஒருத்தி ஆன்லைனில் மனு ஒன்றைத் தொடங்கினாள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2016 தொடக்கத்தில் கல்வித் துறை இறங்கிவந்தது. இறுதிப் பாடத்திட்டத்தில் பெண்ணியம் இருக்கிறது, வுல்ஸ்டன்கிராஃப்டோடு பியாட்ரிஸ் வெப், ரோசா லக்சம்பர்க், பெட்டி ஃப்ரீடன், அயின் ராண்ட் என்று பெயர்களும் சேர்ந்திருக்கின்றன.

அழுத்தக் குழுக்கள் அரசின் முடிவை எப்படி மாற்றுகின்றன என்பது முதல் பேப்பரில் வரும் தலைப்பு. இந்தச் சம்பவத்தையே அதற்கு உதாரணமாக எழுதலாம். சிலபஸில் எது இருக்கிறது, எது இல்லை என்பதும் அரசியல்தான் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

சார், நீங்க எந்தக் கட்சி?

அடுத்து உங்களுக்கு வரும் சந்தேகம் எனக்குத் தெரியும். கிளாஸில் அரசியல் நடத்தினால் வாத்தியார் தன் கட்சிக்கு ஆள் சேர்க்க மாட்டாரா?

அதற்குச் சட்டம் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 406, 407 பிரிவுகள். எந்தப் பாடத்தை நடத்தும்போதும் ஒரு சார்பான அரசியல் கருத்தை மாணவர்களிடம் பரப்பக் கூடாது. சர்ச்சைக்குரிய அரசியல் விஷயம் வந்தால் எதிரெதிர்க் கருத்துகளைச் சமநிலையோடு முன்வைக்க வேண்டும். 2022-இல் கல்வித் துறை இதை எப்படிக் கடைப்பிடிப்பது என்று விரிவான வழிகாட்டுதலும் கொடுத்தது.

அரசியல் பேசாமல் இருப்பதற்கும், அரசியலை நடுநிலையாகப் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். "காலேஜில் பாலிட்டிக்ஸ் பேசாதே" என்பது ஒரு வழி. "பேசு, ஆனா ரெண்டு பக்கமும் பேசு" என்பது இன்னொரு வழி. இரண்டாவதுதான் கஷ்டம், ஏனென்றால் எது சர்ச்சைக்குரியது, எது நிரூபிக்கப்பட்ட உண்மை என்று முதலில் பிரிக்கணும். அந்த எல்லைக்கோடு பற்றி அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை.

மூணு கண்ணாடி

மூன்றாம் பேப்பரில் அமெரிக்காவை எடுத்தவர்கள் பிரிட்டனோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். அதற்கு மூன்று கண்ணாடிகளைக் கொடுக்கிறார்கள். முதலாவது அமைப்பு, அதாவது விதிகளும் நிறுவனங்களும் என்ன செய்ய வைக்கின்றன. இரண்டாவது தனிநபர் கணக்கு, அதாவது அந்த ஆளுக்கு எதில் லாபம். மூன்றாவது பண்பாடு, அதாவது அந்தச் சமூகத்தில் பகிரப்படும் நம்பிக்கைகள் என்ன.

உதாரணமாக, பிரிட்டனில் எம்.பி.க்கள் பெரும்பாலும் கட்சி கொறடா சொன்னபடி ஓட்டு போடுகிறார்கள், அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினருக்கு அந்தப் பிடி தளர்வு. ஏன்? அமைப்புக் கண்ணாடி போட்டால், பிரிட்டனில் அமைச்சர்களே நாடாளுமன்றத்திலிருந்துதான் வருகிறார்கள், அரசு தோற்றால் ஆட்சியே ஆட்டம் காணும். அமெரிக்காவில் அதிபர் தனி, காங்கிரஸ் தனி. தனிநபர் கணக்குப்படி, பிரிட்டன் எம்.பி.க்கு அமைச்சர் பதவி பிரதமர் கையில் இருக்கிறது. அமெரிக்கருக்கோ வேட்பாளர் ஆவதே உள்ளூர் முதனிலைத் தேர்தலில், அதனால் தலைமையைவிடத் தொகுதிக்காரர்களுக்குப் பயப்படுவதுதான் லாபம். பண்பாட்டுக் கண்ணாடியில், மாநிலம், தொகுதி என்ற பற்று அங்கே ஆழமானது.

இந்த மூன்று கண்ணாடியை நம்ம ஹாஸ்டல் மெஸ் பிரச்சினைக்குக்கூட மாட்டிப் பார்க்கலாம். சாப்பாடு மோசம் என்றால் டெண்டர் விதியா, காண்ட்ராக்டர் லாபமா, "மெஸ்னா இப்படித்தான்டா" என்று நாம் பழகிப்போனதா?

படிச்சா என்ன கிடைக்கும்?

வேலை கேரண்டி என்று யாரும் சொல்வதில்லை. பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கப் பொதுவாக இந்த ஏ-லெவல் கட்டாயமும் இல்லை. சட்டம், வரலாறு, பத்திரிகைத் துறைக்குப் போகிறவர்களுக்குக் கைகொடுக்கும்.

உண்மையான கேள்வி வேறு. பிரிட்டனில் ஓட்டு வயசு 1969-இல் 21-லிருந்து 18 ஆக்கப்பட்டது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அவர்களுடைய சொந்த நாடாளுமன்றத் தேர்தல்களில் 16 வயசிலேயே ஓட்டு உண்டு. 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு, பொதுத்தேர்தலுக்கும் 16 வயசில் ஓட்டுரிமை கொடுக்கப்போவதாக அறிவித்தது. அதாவது சிக்ஸ்த் ஃபார்மில் நுழைகிற வயசு.

ஆனால் இந்தப் பாடம் விருப்பப் பாடம். எல்லாப் பள்ளியிலும் கிடையாது. இருக்கும் பள்ளியிலும் மூன்றில் ஒன்றாக எடுத்தவருக்கு மட்டும். 2002 முதல் 'சிட்டிசன்ஷிப்' என்ற பாடம் 11 முதல் 16 வயசுவரை தேசியப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதற்கு எவ்வளவு நேரம், யார் நடத்துவது என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். ஆக, ஓட்டு எல்லோர் கையிலும் வரும், அந்த ஓட்டு எப்படி இடமாக மாறுகிறது, இடம் எப்படி அதிகாரமாக மாறுகிறது என்ற விவரம் சிலர் கையில் மட்டும் இருக்கும். டேவிட் கேமரன், டிரஸ், சுனக் மூவரும் ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம், அரசியல், பொருளாதாரம் என்ற ஒரே பட்டப்படிப்பைப் படித்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த இடைவெளி சின்ன விஷயம் இல்லை என்று புரியும்.

நமக்கும் இது பொருந்தும். நம்ம பிளஸ் டூவிலும் அரசியல் அறிவியல் பாடம் இருக்கிறது. கணக்கு குரூப், பயாலஜி குரூப் எடுத்து இங்கே வந்த நமக்கு அந்தப் புத்தகத்தின் அட்டைகூடத் தெரியாது. ஆதார் முதல் ஃபாஸ்டாக் வரை அரசாங்கம் ஓடுவதே சாப்ட்வேரில் என்று ஆனபிறகு, அதை எழுதப்போகிற நாம் அரசாங்கம் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் இருப்பது யாருக்கும் நல்லதில்லை.

ஒரு வேலை பண்ணுங்க. எடெக்செல், ஏக்யூஏ வாரியங்களின் பாடத்திட்டமும் பழைய வினாத்தாள்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு கேள்வியை எடுத்து, உங்களுக்குப் பிடிக்காத பக்கத்துக்காக ஒரு பக்கம் எழுதிப் பாருங்க. அந்தப் பக்கத்தின் ஆள் படித்துவிட்டு "ஆமா, நான் சொல்றது இதுதான்" என்று தலையாட்டணும். பிறகு உங்கள் பக்கத்தை எழுதுங்க. 43 நிமிஷம்தான், ஃபோனை ஓரமா வச்சுடுங்க.

எழுதினதை இதழுக்கு அனுப்புங்க. எந்தப் பக்கம் நின்றாலும் சரி, காரணம் மட்டும் உறுதியா இருக்கணும்.